உருகும் விளிம்பில் நிற்கும் கல்

ஹார்பின் போய்வந்தவர்களைக் கேட்டால் எடுத்த எடுப்பில் குளிரைத்தான் சொல்வார்கள். மூக்குக்குள் முடி விறைக்கும், கண்ணிமையில் வெள்ளை படியும், கோட்டுப் பையிலிருந்து எடுத்த செல்போன் நாலு போட்டோவுக்குள் அணைந்துவிடும் என்று. எல்லாம் நிஜம். ஆனால் எனக்குப் பித்துப் பிடித்தது குளிரில் அல்ல, ஐஸில். திரும்பி வந்ததிலிருந்து யாராவது ஜூஸில் ஐஸ் போட்டால்கூட அந்தக் கட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன். வீட்டில் எல்லோரும் “இதோ ஆரம்பிச்சுட்டா” என்கிறார்கள். ஆரம்பிக்கத்தான் போகிறேன்.

சீனாவின் வடகிழக்கு மூலையில், ஹெய்லோங்ஜியாங் மாகாணத்தின் தலைநகரம் ஹார்பின். ரஷ்யர்கள் ரயில்பாதை போட வந்ததில் வளர்ந்த ஊர். வெங்காய வடிவக் கூம்பு வைத்த செயின்ட் சோபியா தேவாலயம் இன்னும் நடு ஊரில் நிற்கிறது. பக்கத்தில் சோங்ஹுவா ஆறு. 1963-ல் இங்குள்ள ஜாவோலின் பூங்காவில் ஐஸ் விளக்குக் கண்காட்சி தொடங்கியது. 1985-லிருந்து அது ஆண்டுதோறும் நடக்கும் பெரும் விழா. 1999-ல் ஆற்றின் மறுகரைப் பக்கம் ‘ஐஸ்-பனி உலகம்’ என்று ஒரு தனி நகரமே எழுந்தது. கோபுரம், கோட்டை, மதில், படிக்கட்டு எல்லாம் ஐஸ். ஒவ்வொரு டிசம்பரிலும் கட்டுவார்கள், பிப்ரவரி முடிவதற்குள் கதை முடிந்துவிடும். 2023-24 குளிர்காலத்தில் அதன் பரப்பு 8 லட்சம் சதுர மீட்டரைத் தாண்டியது. 200 ஏக்கருக்கு ஒரு ஐஸ் ஊர்!

இத்தனை ஐஸும் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள், அங்கேதான் எனக்கு முதல் மயக்கம். ஆற்றிலிருந்து. டிசம்பரில் ஆற்றின் மேற்பரப்பு நன்றாக உறைந்ததும் ஆட்கள் இறங்குகிறார்கள். கோடு போட்டு, ரம்பத்தால் அறுத்து, கடப்பாரையால் நெம்பி, பாளம் பாளமாகப் பிரிக்கிறார்கள். ஒரு கனமீட்டர் ஐஸின் எடை 917 கிலோ. அவ்வளவு கனத்தை ஒரே ஆள் நீளக் கொக்கியால் லேசாகத் தள்ளிக்கொண்டு போகிறார். எப்படி? அறுத்தெடுத்த இடம் தண்ணீர் வாய்க்காலாகிவிடுகிறது, பாளம் அதில் மிதக்கிறது. அதே அளவு தண்ணீர் 1,000 கிலோ. ஐஸ் அதைவிட இலேசு. உறையும்போது ஒவ்வொரு நீர் மூலக்கூறும் நான்கு பக்கத்து மூலக்கூறுகளைக் கைப்பிடித்து, நடுவில் வெற்றிடம் விட்டு, அறுகோண வலையாக அமர்கிறது. அதனால் இடம் 9 சதவீதம் கூடுகிறது. உலகத்தில் பெரும்பாலான பொருள்கள் உறைந்தால் சுருங்கி மூழ்கும். இது விரிந்து மிதக்கிறது. ஆறு மேலிருந்து கீழாக உறைவதற்கும் அதுதான் காரணம்.

மேலிருந்து கீழாக என்பதில்தான் சிற்பியின் அதிர்ஷ்டம் இருக்கிறது. காசிமேட்டில் மீன் வண்டிக்கு ஏற்றும் ஐஸ் பாரைப் பார்த்திருப்பீர்கள். ஓரம் தெளிவாக இருக்கும், நடுவில் வெள்ளையாக ஒரு முதுகெலும்பு ஓடும். தகர அச்சில் தண்ணீர் நிரப்பி உப்புநீர்த் தொட்டியில் இறக்கினால் நான்கு பக்கமும் ஒரே நேரத்தில் உறைந்து உள்நோக்கி வருகிறது. ஐஸின் படிக வலை கறாரான பேர்வழி. கரைந்த காற்றோ உப்போ தன் வரிசைக்குள் நுழைய அனுமதிக்காது. வெளியே தள்ளிக்கொண்டே வரும். தள்ளப்பட்டதெல்லாம் போக இடமின்றிக் கடைசியில் நடுவில் மாட்டிக்கொள்கிறது. அந்த வெள்ளை, சிறைப்பட்ட காற்று. ஆற்றிலோ உறைதல் ஒரே திசையில் இறங்குகிறது. விலக்கப்பட்ட காற்றும் உப்பும் அடியில் ஓடும் நீரோடு போய்விடும். எஞ்சுவது நல்ல பளிங்கு. ஐஸ் சிற்பத்துக்கென்று இன்று விற்கும் இயந்திரங்களும் இதே தந்திரத்தைத் தலைகீழாகச் செய்கின்றன. அடித்தட்டை மட்டும் குளிரவைத்துக் கீழிருந்து உறையவிடுகிறார்கள், மேலே சிறு பம்பு தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருக்கும். சுமார் 136 கிலோ பாளம் ஒன்று உறைந்துவர மூன்று நாள் போல ஆகிறது.

பொறுமை ஆற்றுக்கும் வேண்டும். வெளிக்குளிர் அடியிலிருக்கும் தண்ணீரைத் தொட வேண்டுமானால் ஏற்கெனவே உறைந்த ஐஸைத் தாண்டித்தான் போக வேண்டும். முதல் 10 சென்டிமீட்டர் சட்டென்று கட்டிவிடும். அது 20 ஆவதற்கு மேற்கொண்டு ஏறக்குறைய மூன்று மடங்கு காலம் பிடிக்கும்.

ஜாவோலின் பூங்காவின் விளக்குகளுக்கும் இதே சூத்திரம். பழைய நாளில் மீனவர்கள் வாளியில் தண்ணீர் நிரப்பி இரவில் வெளியே வைப்பார்களாம். வெளி ஓடு மட்டும் உறைந்ததும் மேலே துளையிட்டு, உறையாத நடுத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, உள்ளே விளக்கை ஏற்றினால் காற்றுக்கு அணையாத லாந்தர் தயார். காசுச் செலவில்லாத கண்ணாடி.

சென்னைக்காரர்களுக்கு இயற்கை ஐஸ் புதிதல்ல. மெரினாவில் இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கும் கட்டடம் 1842-ல் ஐஸ் ஹவுஸாகத்தான் கட்டப்பட்டது. பிரடெரிக் டியூடர் என்ற பாஸ்டன் வியாபாரி, அமெரிக்க ஏரிகளில் இப்படியே அறுத்த பாளங்களைக் கப்பலேற்றி, பூமத்திய ரேகையைத் தாண்டிக் கொண்டுவந்து அங்கே இறக்கினார். எப்படிக் கரையாமல் வந்தது? பாதி கரைந்துதான் வந்தது. மீதி பிழைத்ததற்கு மரத்தூளோடு இன்னொரு காரணமும் உண்டு. பூஜ்ஜியம் டிகிரியிலுள்ள ஒரு கிலோ ஐஸைப் பூஜ்ஜியம் டிகிரித் தண்ணீராக்க மட்டும் 334 கிலோஜூல் வெப்பம் தேவை. அதே வெப்பத்தை அந்தத் தண்ணீருக்குக் கொடுத்தால் 80 டிகிரி வரை சூடாகிவிடும். ஐஸ் அவ்வளவு எளிதில் விட்டுக்கொடுக்காது.

இனி நான் மேசையைத் தட்டிப் பேசும் பகுதி.

மைனஸ் 20 டிகிரியில் நிற்கும் ஐஸைக் ‘குளிர்ந்த பொருள்’ என்று நினைக்கிறோம். அது நம் உடம்பின் கணக்கு. பொருளின் கணக்கில், தன் உருகுநிலைக்கு அது எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். தனிச்சுழிக் கணக்கில் ஐஸ் உருகுவது 273 கெல்வினில். மைனஸ் 20 என்பது 253. தன் உருகுநிலையில் கிட்டத்தட்ட 93 சதவீதத்தில் நிற்கிறது. இரும்பை அதே நிலைக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் சுமார் 1,400 டிகிரி செல்சியஸுக்குக் காய்ச்ச வேண்டும்! உலையில் கண்கூசத் தகிக்கும் இரும்பு எந்த நிலையோ, அந்த நிலையில் நிற்கும் ஒரு கல்லைக் கம்பளிக் கையுறை போட்டுக்கொண்டு கட்டிப்பிடிக்கிறோம். இதை ஒருமுறை உள்வாங்கிவிட்டால் ஹார்பினில் பார்க்கும் ஒவ்வொன்றும் வேறாகத் தெரியும். ஐஸ் சிற்பி செய்வது கல்தச்சரின் வேலை மாதிரி தெரியும். பாதிக்குப் பாதி அது கொல்லரின் வேலை.

ஹார்பினில் மருத்துவம் படிக்கும் நம் பிள்ளைகள் உண்டு. எங்களுக்கு ஊர் சுற்றிக்காட்டியது ஒரு திருநெல்வேலித் தம்பி. ஐஸ் மதிலைக் கண்டதும் நான் கையுறையைக் கழற்றினேன். “ஏ அக்கா, கிளவுஸ கழத்திராதிய! ஒட்டிக்கிடும்!” என்று அலறினான். நான் கழற்றி, ஒரு விரலை வைத்தேன். அவன் சொன்னபடியே பிசின்போலப் பிடித்தது. விரலிலிருந்த இத்தனூண்டு ஈரம் நொடியில் உறைந்து என்னையும் மதிலையும் ஒன்றாக்கிவிட்டது. “சொன்னா கேக்கணும்லா” என்று வாயால் ஊதிச் சூடேற்றி விடுவித்தான். எனக்கோ ஒரே பூரிப்பு. அந்த 200 ஏக்கர் ஊரைத் தாங்கி நிற்பது அந்த ஒட்டுதான். சிமென்ட் இல்லை, சுண்ணாம்பு இல்லை, ஆணி இல்லை. ஒரு பாளத்தின் மேல் தண்ணீரை ஊற்று, அடுத்ததை வை, சற்றுப் பொறு. தண்ணீர் அடியிலிருந்த படிகத்தின் வரிசையிலேயே தானும் போய் உட்கார்ந்துகொள்கிறது. இடைவெளி இருந்தால் பனித்தூளையும் தண்ணீரையும் குழைத்துச் சாந்தாகப் பூசுகிறார்கள். சலவைக்கல்லை எந்தப் பசையால் ஒட்டினாலும் பசை வேறு, கல் வேறு. இங்கே கல்லும் சாந்தும் ஒரே பொருள். இப்படி ஒரு வசதி வேறெந்தச் சிற்பிக்கு உண்டு, சொல்லுங்கள்!

சிற்பப் போட்டி நடக்கும் களத்தில் அரை நாள் நின்றேன். கால் மரத்துப்போனதை அறைக்குத் திரும்பிய பிறகுதான் கவனித்தேன். முதல் வேலை செயின்சாவுக்கு. வேண்டாத பகுதிகளைத் துண்டு துண்டாக வீழ்த்துகிறது, வெள்ளைத்தூள் ஆளுயரத்துக்குப் பீறிடுகிறது. அதன்பிறகு களம் அமைதியாகிவிடுகிறது. சுத்தியல் சத்தமே கிடையாது. ஐஸ் உளியை அடிப்பதில்லை, தள்ளுகிறார்கள். அகன்ற வாயும் முழ நீளக் கைப்பிடியும் கொண்ட உளியைத் தோள்பலத்தோடு தள்ளினால் பட்டையாகச் சீவிக்கொண்டு போகிறது. இறகு, செதில், தலைமயிர் போன்ற வரிகளுக்கு வாயில் பல் வைத்த உளி. ஒரு பெண் சிற்பி குதிரையின் பிடரியை இழுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு இழுப்புக்கும் முன் கட்டைவிரலால் உளியின் வாயைத் துடைத்துக்கொள்கிறார், ஒட்டியிருக்கும் தூள் அடுத்த வரியைக் கெடுத்துவிடக் கூடாதென்று. பிடரி மயிர் ஒவ்வொன்றும் காதுக்குப் பின்னால் தொடங்கி, கழுத்தில் வளைந்து, நுனியில் காற்றடித்துப் பிரிகிறது. நுனியின் தடிமன் என் சுண்டுவிரல்கூட இருக்காது.

பக்கத்துக் குழுவில் ஒருவர் துணி தேய்க்கும் இஸ்திரிப் பெட்டியை எடுத்தார். நான் முதலில் சிரித்துவிட்டேன். அவர் அதை ஐஸின் முகத்தில் ஒரு தடவை ஓட்டினார். உளித் தடமெல்லாம் மறைந்து அந்த இடம் மட்டும் கண்ணாடியாகிவிட்டது. ஒட்டவேண்டிய இரு முகங்களைச் சமப்படுத்த, சூடாக்கிய அலுமினியத் தகட்டைப் பயன்படுத்தும் சிற்பிகளும் உண்டு. தகட்டில் தேய்த்து, இரண்டையும் சேர்த்தால் மூட்டு எங்கே என்று செய்தவருக்கே தெரியாது.

ஆனால் சூட்டைக் காட்டுவதில் ஒரு பதம் வேண்டும். ஐஸ் வெப்பத்துக்கு விரிவது சாதாரணக் கண்ணாடியைவிட ஐந்து மடங்குக்கும் மேல். கடுங்குளிரில் இருக்கும் பாளத்தில் திடீரென்று சூட்டை வைத்தால் மேல்தோல் விரியும், உள்ளே விரியாது, பளீரென்று கீறல் ஓடும். தண்ணீர்த் தம்ளரில் போட்ட ஐஸ் கட்டி ‘டிக்’ என்கிறதே, அதே சமாச்சாரம். நம் ஊர் நட்சத்திர ஓட்டல்களில் கல்யாண வரவேற்புக்கு அன்னம் செதுக்குகிறவர்களுக்கும் இந்தப் பதம் அத்துப்படி. ஃப்ரீசரிலிருந்து எடுத்ததும் பாளம் சாம்பல் பூத்தாற்போல் இருக்கும். அப்போது உளி வைத்தால் சில்லுச் சில்லாகத் தெறிக்கும். பூப்பு கலைந்து, மேனி வியர்த்து, உள்ளே தெளிந்து தெரியும்வரை காத்திருந்துவிட்டுத்தான் கை வைப்பார்கள். ஐஸ் சிற்பத்துக்கு எதிரி வெயில் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். அளவுமீறிய குளிரும் எதிரிதான்.

இன்னொரு எதிரி வறண்ட காற்று. ஹார்பின் ஜனவரியில் சிலைகள் கரைவதே இல்லை, ஆனால் தேய்கின்றன. ஐஸ் தண்ணீராகாமலே நேரே ஆவியாகிப் போகிறது. சில வாரம் நின்ற சிலையின் மூக்கு நுனியும் உதட்டோரமும் மழுங்கியிருப்பதை நெருங்கிப் பார்த்தால் தெரியும்.

கட்டடங்களைப் பாருங்கள்: எங்கும் வளைவு, கவிகை, கீழே அகன்று மேலே குறுகும் கோபுரம். அழகுக்காக மட்டுமல்ல. ஐஸை அமுக்கினால் தாங்கும், இழுத்தால் உடையும். அமுக்கத்தைத் தாங்கும் வலு இழுப்பைத் தாங்குவதைப்போலப் பல மடங்கு. எனவே எடை முழுவதும் அமுக்கமாகவே கீழிறங்கும்படி கட்டுகிறார்கள். நீட்டிய கை, விரித்த சிறகு என்று போட்டிச் சிற்பிகள் துணிவது இந்த விதியோடு போடும் சண்டை. அதிலும் சிறகு உடையாவிட்டாலும் தப்பாது. உருகுநிலைக்கு இவ்வளவு அருகில் நிற்கும் பொருள் தன் பாரத்துக்கே மெள்ள இளகி வளையும், பனியாறு மலையிலிருந்து வழிவதுபோல. மெல்லிய நீட்டல்கள் நாளாக ஆகக் கீழ்நோக்கித் தொங்குவது அதனால்தான்.

வெளிச்சத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் புகார் உண்டு. பொழுது சாய்ந்ததும் பாளங்களுக்குள் பொதிந்த எல்.இ.டி. விளக்குகள் எரிகின்றன. சூடு அதிகம் கக்காத விளக்கு என்பதால்தான் ஐஸுக்குள்ளேயே வைக்க முடிகிறது, அது கெட்டிக்காரத்தனம். ஆனால் சிவப்பு, ஊதா, கிளிப்பச்சை என்று மாறி மாறி அடிக்கும்போது எனக்கு ஊர்த் திருவிழா சீரியல் செட் ஞாபகம் வந்தது. ஐஸின் சொந்த நிறம் பகலில்தான் தெரியும். ஒரு பாளம் நிறமற்றது. மதில் முழுவதன் ஊடாகப் பாருங்கள், நீலம் கசிகிறது. வானத்தின் பிரதிபலிப்பு அல்ல அது. ஒளி பயணப்படும் தூரம் கூடக் கூட, சிவப்பை ஐஸ் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கிவிடுகிறது, நீலம் தப்பிக்கிறது. கண்ணாடி ஒளியை வளைக்கும் அளவு ஏறக்குறைய 1.5, ஐஸ் 1.31 தான். அதனால் கண்ணாடியின் வெட்டு மினுக்கு இதில் கிடையாது. ஒரு மிருது இருக்கிறது. எனக்கு இதுதான் பிடிக்கிறது.

ஐஸ் சறுக்குமரத்துக்குப் பெரிய வரிசை. 500 மீட்டருக்கும் மேல் நீளமானது, ஆயுசுக்கும் மறக்காது. ஐஸ் ஏன் வழுக்குகிறது என்று பள்ளியில் சொல்லித்தந்தது நினைவிருக்கிறதா? நம் எடையின் அழுத்தத்தில் ஐஸ் உருகுகிறது என்று. மைனஸ் 20-ல் அழுத்தத்தால் உருக வேண்டுமானால் 2,000 வளிமண்டல அழுத்தம் போல வேண்டும். நான் அவ்வளவு கனம் இல்லை. ஐஸின் மேல்தோலில் எப்போதுமே முழுசாக வரிசையில் அமராத, திரவம்போன்ற ஒரு மெல்லிய படலம் இருக்கிறது என்று மைக்கேல் ஃபாரடே 1850 வாக்கிலேயே ஊகித்தார். அதோடு உராய்வின் சூடும் சேர்ந்துதான் வழுக்கல். இதை யோசித்துக்கொண்டே ஏறினேன். இறங்கும்போது அலறல் மட்டும்தான் வந்தது.

ஹார்பின் போக வாய்க்காதவர்கள் வீட்டிலேயே ருசி பார்க்கலாம். ஃப்ரீசரில் நுழையும் அளவுக்கு ஒரு தெர்மாகோல் பெட்டி, மூடி வேண்டாம். தண்ணீர் நிரப்பி உள்ளே வையுங்கள். பக்கமும் அடியும் காப்பிடப்பட்டிருப்பதால் குளிர் மேலிருந்து மட்டுமே இறங்கும். பெட்டிக்குள் ஒரு குட்டி சோங்ஹுவா. ஒரு நாள் போல விட்டு, அடிப்பகுதி உறைவதற்குள் எடுத்தால் மேலே தெள்ளத்தெளிந்த பலகை கிடைக்கும். மேல் வேர்க்கும்வரை பொறுத்து, ரொட்டி வெட்டும் பல்லுக் கத்தியால் அறுத்துப் பாருங்கள், எவ்வளவு சொன்னபடி கேட்கிறது என்று. மிச்சமிருக்கும் துண்டைப் பிரகாசமான வெயிலில் வைத்து உருப்பெருக்கியால் உள்ளே நோக்குங்கள். ஜான் டின்டால் 1858-ல் விவரித்த அதிசயம் கண்ணில் படலாம். வெயிலின் வெப்பக்கதிர் ஐஸின் உள்ளேயே ஆங்காங்கே புள்ளி புள்ளியாக உருக்க, ஒவ்வொரு புள்ளியும் ஆறிதழ்ப் பூவாக விரிகிறது. நடுவில் மகரந்தம்போல ஒரு குமிழி. உருகிய நீர் ஐஸைவிடக் குறைந்த இடமே பிடிப்பதால் மிஞ்சிய வெற்றிடம் அது. எனக்கு முதல் பூ தெரிந்தபோது பக்கத்து வீட்டு மாமியைக் கூப்பிட்டுக் காட்டினேன். மாமி வெகுநேரம் பார்த்துவிட்டு, “கோலம் மாதிரின்னா இருக்கு” என்றார்.

நேரில் போகிறவர்களுக்கு: ஜனவரி நல்ல மாதம். சூரியன் மாலை 4 மணிவாக்கிலேயே மறைந்துவிடும், அதனால் மத்தியானமே உள்ளே போய்விடுங்கள். முதலில் நீலத்தைப் பாருங்கள், விளக்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். கையுறைக்குள் இன்னொரு மெல்லிய கையுறை, போன் உள்சட்டைப் பையில். இரவு ஊருக்குள் திரும்பியதும் சென்ட்ரல் ஸ்ட்ரீட்டில் ஒரு நடை. பழைய ரஷ்யக் கட்டடங்களுக்கு நடுவே, அந்தக் குளிரிலும் ஜனங்கள் மாடியெர் குச்சி ஐஸ் வாங்கித் தின்றுகொண்டு நடப்பார்கள். நாங்களும் வாங்கினோம். தெருவோரத்தில் அட்டைப்பெட்டியைத் திறந்தபடியே வைத்து விற்கிறார்கள். ஃப்ரீசர் எங்கே என்று தேடினேன். தம்பி சிரித்தான்: “ஃப்ரீசர் மைனஸ் பதினெட்டுதான க்கா. இங்கன மைனஸ் இருவத்தி நாலு. உள்ள வச்சா சூடாயிரும்லா!”